இரண்டு பிளக்கும் இருபத்துமூன்று வள்ளமும்

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

இரண்டே பிளக் உள்ள அறையில் ஏகப்பட்ட சாமான்களுக்கு ஆபத்தில்லாமல் கரண்ட் கொடுப்பது எப்படி என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எந்த வயர் எத்தனை அம்பியர் தாங்கும், எங்கே பிரேக்கர், எங்கே எர்த் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. என் ஞாபகத்தைவிட ஒழுங்காக இருக்கிறது. அதில் இல்லாத ஒன்று என்னிடம் உண்டு. சீனி வருத்தம் விரல் நுனிகளின் உணர்வைக் கொண்டுபோனதால் ஐம்பத்துமூன்று வயதில் ஏணியை விட்டு இறங்கியவன் நான். கருவிப் பையை மருமகனிடம் கொடுத்துவிட்டேன். பொறாமையைக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அது இன்னும் என்னோடுதான் இருக்கிறது, கடற்காற்றில் விட்ட இரும்பு மாதிரி, எத்தனை தேய்த்தாலும் மறுநாள் பூத்துவிடுகிறது. அதை உங்களுக்கு முன்னால் திறந்து காட்டப்போகிறேன். உங்களுக்கு வேண்டிய கரண்ட் விஷயமும் அதற்குள்ளேதான் ஓடுகிறது.

அவன் பெயர் வீரபத்திரன், எனக்குப் பத்திரன். உடப்புக்காரன். நான் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு புத்தளம் வந்த குடும்பத்துப் பிள்ளை. ஒரே வயது. ஒரே கொந்தராத்துக்காரரிடம் வேலை பழகினோம், ஒரே ஏணியை இரண்டு பக்கமும் பிடித்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோனோம். யுத்தம் முடிந்து கற்பிட்டிப் பக்கம் கடல் திறந்தபோது, மீனவர் தங்கும் வாடிகளில் ஆள் நிறைந்து, கரையோரமாக ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கியபோது, நாங்கள் இருவரும் ஆட்கள் பாஸ் என்று கூப்பிடுகிற வயரிங் மேஸ்திரிகள் ஆகியிருந்தோம். சில வேலைகளைச் சேர்ந்து செய்தோம், சிலதைத் தனியாக. சேர்ந்து செய்த வேலைகள்தான் என்னைத் தின்றன.

நான் ஒரு வீட்டுக்குள் போனால் சுவரைப் பார்ப்பேன். அவன் ஆட்களைப் பார்ப்பான். நான் அளந்து, கோடு போட்டு, துளையும் போட்டு முடிக்கும்போது அவன் குசினி வாசலில் குந்தியிருந்து, "அக்கா, மிக்சி எந்தக் கையால பிடிப்பீங்க? அரிசி எந்தப் பக்கம் கழுவுவீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருப்பான். வேலைக்கு வந்தவனா, கலியாணம் பேச வந்தவனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அவன் எழும்பி, நான் போட்ட கோட்டை ஒரு முழம் தள்ளிப் போடுவான். தள்ளிப் போட்டதுதான் சரியாக இருக்கும். அந்தச் சரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிழை விட்டிருந்தால் அவனை எவ்வளவு நேசித்திருப்பேன்!

வேலை முடிய தேத்தண்ணீர் வரும். எனக்குக் கிளாசில். அவனுக்குப் பூப்போட்ட கோப்பையில், கீழே சோசர் வைத்து. ஒரு வீட்டில் இல்லை, எல்லா வீட்டிலும். தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் என்னிடமே கேட்பார்கள்: "அந்த உடப்பு பாஸ் வருவாரா? அவர் இல்லாட்டி மற்ற பாஸ் வந்தாலும் பரவாயில்லை." மற்ற பாஸ் நான். எவ்வளவு காலம் நான் மற்ற பாஸாக இருந்தேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

எத்தாளைக்கு அப்பால் ஒரு மீன்பிடிச் சங்கம். மணலில் வரிசையாக ஓலை வாடிகள், அவற்றில் கரண்ட் கிடையாது. நடுவில் சங்கத்தின் கல் அறை, அதற்குப் பக்கத்தில் ஐஸ் வைக்கும் கூடம். ஐஸ் கூடத்திலிருந்து ஒரே ஒரு பழைய வயர் அறைக்குள் வருகிறது. அறைக்குள் இரண்டு பிளக். இருபத்துமூன்று வள்ளங்களின் உயிர் அந்த இரண்டு பிளக்கில் தொங்கியது. நான் கூட்டிச் சொல்லவில்லை. போன், தலையில் கட்டும் டோர்ச், வழி காட்டும் ஜீ.பி.எஸ், வயர்லஸ் செட், வலையின் கடைசியில் மிதக்கவிடும் விளக்கு, எல்லாம் பகலில் அங்கே சார்ஜ் ஏறினால்தான் பின்னேரம் வள்ளம் இறங்கலாம். பிளக்கில் ஒரு மல்டி பிளக், அந்த மல்டியில் இன்னொரு மல்டி, அதில் மூன்றாவது என்று சுவரிலிருந்து ஒரு சங்கு முளைத்தது மாதிரி வெளியே நீண்டு நின்றது. மூலையில் தேத்தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்ட் கேத்தல். அது எந்த நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும்.

சங்கத் தலைவர் மஜீத் காக்கா எங்கள் இருவரையும் வரச்சொன்னார்.

"புது லைனுக்கு எழுதிப் போட்டிருக்கு. அது வர ஒரு பருவம் போகும். அதுவரைக்கும் இதிலயே என்னமாச்சும் செய்யுங்க. இந்த அறை எரிஞ்சா இருபத்துமூண்டு வீடு பட்டினி" என்றார்.

நான் உடனே சுவரைத் தட்டினேன். "எட்டு பிளக் போட்டுத் தாறன் காக்கா. நாளைக்கே."

பத்திரன் சுவரைப் பார்க்கவேயில்லை. அறைச் சாவியும் சார்ஜ் முறையும் பார்க்கிற ஹிதாயாவிடம் திரும்பி, "தங்கச்சி, இங்க இருக்கிற எல்லாச் சாமானையும் நிலத்தில வைக்கச் சொல்லுங்க" என்றான். அவள் கணவனைக் கடலில் இழந்தவள், சங்கம் அவளுக்குக் கொடுத்த வேலை அது. ஆண்கள் சிரித்தபடி கொண்டுவந்து வைத்தார்கள். மணல் ஒட்டிய சீமெந்துத் தரையில் ஒரு கறுப்புச் சந்தை. அவன் முழங்காலில் நின்று ஒவ்வொரு சார்ஜரையும் திருப்பி, முதுகில் உள்ள பொடி எழுத்தை வாசித்தான். வாசித்து இரண்டாகப் பிரித்தான். ஒரு பக்கம் மலை மாதிரிக் குவிந்தது. மற்றப் பக்கம் இரண்டே சாமான்: வள்ளத்து இயந்திரப் பெட்டரிக்கு ஏற்றும் பெரிய சார்ஜர், கேத்தல்.

"இந்தக் குவியல் எல்லாம் உறிஞ்சிக் குடிக்கிறது. எத்தின இருந்தாலும் பயமில்ல" என்றான். "இந்த ஐம்பது போனும் ஒரே நேரத்தில ஏறினாலும் இந்தக் கேத்தலுக்குப் பக்கத்திலயும் வராது. இது மடமடவெண்டு குடிக்கிறது. சூடாக்கிற சாமான் எதுவும் அப்பிடித்தான். கேத்தல் வெளிய போனா ரெண்டு பிளக் தாராளம்."

"பிளேன்டீ இல்லாமக் கடலுக்குப் போகச் சொல்றியா பாஸ்?" என்று நியாஸ் என்ற வள்ளக்காரன் கத்தினான். "எங்கட வள்ளம் எண்ணெயில ஓடுறதில்ல, தேத்தண்ணில ஓடுறது!"

"சமைக்கிற வாடியில அடுப்பு இருக்குத்தானே. கேத்தலுக்கு அடுப்பு கிடைக்கும், போனுக்குக் கிடைக்காது."

நன்றாக யோசியுங்கள். நான் பிளக்குகளை எண்ணினேன். அவன் பசியை எண்ணினான். அதுதான் இந்த முழுத் தலைப்பின் பாடமும். அன்றைக்கே எனக்கு அது விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வயிற்றை எரித்தது. விளங்காத ஒருவனாக இருந்திருந்தால் அவனைக் கேலி செய்துவிட்டுப் படுத்திருப்பேன்.

ஒரு நீளப் பலகையில் பன்னிரண்டு பிளக் வைத்து, தடித்த வயரில், தனிப் பிரேக்கரோடு சுவரில் அறைந்தான். முழங்கையளவு உயரத்தில், காற்றுப் படும் இடத்தில், ஒன்றோடொன்று முட்டாத இடைவெளியில். அது ஒரு பிளக்கில் நேராகப் போனது. பெட்டரி சார்ஜர் மற்றதில் தனியாக. கரைவலைக்கு முறை வைக்கிற ஆட்களுக்கு சார்ஜுக்கு முறை வைப்பது கஷ்டமில்லை. ஹிதாயா சிலேட்டில் வள்ளங்களின் பெயரை எழுதித் தொங்கவிட்டாள். பலகைக்கு மேலே பத்திரன் ஒரு தாள் ஒட்டினான்: மல்டியில் மல்டி செருகாதே. மூடி வைக்காதே. கேத்தல் கூடாது.

ஒரு முறைக்குப் பதினொரு பிளக் சார்ஜருக்கு நிறைந்தது. ஒன்று மிச்சம் இருந்தது.

மஜீத் காக்கா அன்று எல்லோருக்கும் முன்னால் அவன் தோளில் கை போட்டார். அவருடைய மச்சான் ஒருவர் கரையோரத்தில் பதினான்கு அறை ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஹோட்டல் வயரிங் உனக்குத்தான். நான் சொல்லிட்டன்" என்றார். பதினான்கு அறை! நாங்கள் அதுவரை கண்டதெல்லாம் வீடும் கடையும். நான் வயர்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்களும் நல்லா வேலை செஞ்சீங்க" என்றார். அந்த ‘உம்’மை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பத்திரன் கோயில் தீமிதிப்புக்காக உடப்புக்குப் போனான். அந்த வாரம் நான் சங்கத்து வெளி விளக்கு ஒன்று பழுதுபார்க்கப் போனேன். ஹிதாயா ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தாள். அறைக்குள் நியாஸும் அவன் தம்பியும் மட்டும்.

"நானா, அந்தப் பாஸ் பெரிய பள்ளிக்கூட வாத்தியார். தாளும் ஒட்டிப்போட்டாரு. நாங்க தேத்தண்ணிக்கு விறகு பொறுக்கிறம்" என்றான் நியாஸ். நானா என்றால் எங்களில் அண்ணன். "ஒங்களால ஒண்டும் செய்யேலாதா?"

தம்பி சிரித்தான். "இவருக்கு எப்பிடி ஏலும்? இவர் மற்ற பாஸ்தானே."

பிள்ளைகளே, கரண்ட் அடித்தால் கையை இழுத்துக்கொள்ளலாம். இது அடித்தால் எங்கே இழுப்பது? "ஏலாதா? பத்து நிமிசம்" என்றேன்.

பலகையின் மிச்சப் பிளக்கில் சந்தையில் வாங்கின மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் செருகினேன். அது மூலைக்கு எட்டவில்லை. இரண்டு முழம் குறைந்தது. வெட்டி, வேறு வயர் வைத்து முறுக்கி மூட்டுப் போட்டு டேப் சுற்றினேன். உப்புக் காற்று அரிக்கும் என்று நினைத்து, இங்கே எல்லோரும் கடலில் போனைப் பாதுகாப்பது போலவே, அந்த மூட்டுப் பகுதியை ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பைக்குள் போட்டு, தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டினேன். பத்திரன் திரும்பி வந்தால் கண்ணில் படக்கூடாது என்று அதைப் பழைய நைலோன் வலைக் குவியலுக்குப் பின்னால் தள்ளி, மேலே வலையை இழுத்துவிட்டேன். அதன் மறுமுனையில் கேத்தலை வைத்தேன்.

கேத்தல் முனகியது, கொதித்தது. நியாஸ் பையைப் பார்த்து வாய் பிளந்தான். "இதல்லோ மூளை! கடல் தெரிஞ்ச வேலை! அந்தாளுக்கு இது ஓடிச்சா?" என்றான். எனக்கு முதல் கோப்பை. அன்று நான் குடித்த தேத்தண்ணீர் மாதிரி இனிப்பாக ஒன்றும் இந்த வாயில் பட்டதில்லை. அந்த இனிப்பில்தான் எல்லாம் இருந்தது.

ஏன் பிழை என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கடலில் பைக்குள் இருக்கும் போன் சும்மா கிடக்கிறது, சூடாவதில்லை. கேத்தலின் கரண்ட் ஓடுகிற மூட்டு சூடாகும். அந்தச் சூடு போகக் காற்று வேண்டும். நானோ பையைக் கட்டினேன், மேலே வலையைப் போர்த்தினேன். உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் வேர்த்து, செம்பைப் பச்சையாக்கி, பிடி தளர்ந்து, தளர்ந்த இடம் இன்னும் சூடாகி. பிரேக்கர் விழாது. அளவுக்கு மேல் கரண்ட் போனால்தான் அது விழும். மூட்டு சுடுகிறது என்று அதற்கு யார் சொல்வது? பிரேக்கரை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

பத்திரன் வந்தான். வந்த அடுத்த நாள் பக்கத்து ஐஸ் கூடத்தில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான், அறைக்குள் இன்னும் வரவில்லை. காற்று பிழையாக இருந்ததால் வள்ளங்கள் இறங்கவில்லை, காலையிலிருந்து நாற்பது ஐம்பது பேர் தேத்தண்ணீர் குடித்தபடி மணலில் கிடந்தார்கள். கேத்தல் ஓயவில்லை. தாளை வாசித்தவர்களுக்கு உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். பாஸ் கட்டிக் கொடுத்தது, அப்போ சரியாகத்தான் இருக்கும் என்று இருந்தார்கள். ஹிதாயா இரண்டு தரம் கேட்டாளாம். "பாஸ் செஞ்சது" என்று நியாஸ் சொல்லியிருக்கிறான். எந்தப் பாஸ் என்று அவள் கேட்கவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் ஒரு கோப்பை குடிக்கலாமென்று அறை வாசலுக்கு வந்தேன். நண்டு ஓட்டைச் சுட்டது மாதிரி ஒரு மணம். வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை, பால் நிறத்தில். ஹிதாயா அதைக் கண்டுவிட்டாள். பலகையிலிருந்த போன்களை அள்ளிப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டே, "நானா! நானா, நெருப்பு!" என்று கத்தினாள்.

எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நிற்கிற அத்தனை பேரிலும் எனக்கு மட்டும்தான் தெரியும், நெருப்பு எங்கே இருக்கிறது, எந்தச் சுவிட்சைத் தட்டினால் நிற்கும் என்று. இரண்டு எட்டு வைத்துப் பலகையின் பிரேக்கரை விழுத்தினால் போதும். ஆனால் நேராக அங்கே போனால், தெரிந்து போனவன் என்று தெரிந்துவிடும். இரண்டு மூச்சு நின்றேன். மூன்றாக இருக்காது. இரண்டுதான்.

அந்த இரண்டு மூச்சுக்குள் வலை பிடித்தது. நைலோன் எரியும்போது சொட்டும். ஹிதாயா வாசலில் கால் கழுவ வைத்திருந்த உப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். மேலே சரிந்து தொங்கிய வலையிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. அவள் அலறியும் வாளியை விடவில்லை.

"தண்ணி ஊத்தாதீங்க தங்கச்சி! வாளிய விடுங்க! வெளிய!"

ஐஸ் கூடத்திலிருந்து பத்திரனின் குரல். வந்து பார்த்துச் சொல்லவில்லை, நெருப்பென்ற கத்தலையும் வாளிக் கைப்பிடியின் சத்தத்தையும் கேட்டே சொன்னான். அடுத்த கணம் கூடத்தின் மெயின் சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது. ஐஸ் இயந்திரம் முனகி நின்றது. அதன் பிறகுதான் அவன் ஓடிவந்தான், இரண்டு கையிலும் மணல். "மணல்! மணல்!" எல்லோரும் மணலை அள்ளினார்கள், நானும் அள்ளினேன், எல்லோரையும்விட அதிகமாக அள்ளினேன். அறை தப்பியது. பலகையின் ஒரு முனையும் ஒன்பது போனும் மூன்று ஜீ.பி.எஸ்ஸும் போயின. ஹிதாயாவின் மணிக்கட்டில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. தழும்பு இன்றும் இருக்கிறது. அது என்னுடைய இரண்டு மூச்சு.

மஜீத் காக்கா கருகிய பலகையைப் பார்த்தார். "உடப்பான்ட வேலை" என்று யாரோ சொன்னார்கள். அது ஒரு வாயிலிருந்து மற்ற வாய்க்கு ஓடியது. நியாஸும் தம்பியும் மணலைப் பார்த்தார்கள். நானும் மணலைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் காக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்குப் பகல் லுஹருக்குப் பிறகு கூட்டம். அவன இனி இந்தக் கரைக்கு எடுக்கேலாது. எல்லாச் சங்கத்துக்கும் சொல்லத்தான் வேணும். ஹோட்டல் வேலைய நீங்க பாருங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பதினான்கு அறை எனக்கு. நான் மற்ற பாஸ் இல்லை, இனி ஒரே பாஸ். எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தேன்! சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். ஒரு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவன் இந்தக் கரையிலிருந்து போய்விடுவான்.

கூட்டம் அதே அறையில், புகை மணத்துக்குள். மேசையில் கருகிய மூட்டு, பையோடு உருகிக் கட்டியாகியிருந்தது. பத்திரன் தனிக் கதிரையில். ஹிதாயா கையில் துணி சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"இது உன்ட வேலையா, இல்லையா?" என்றார் காக்கா.

அவன் அந்தக் கட்டியை எடுத்து மெல்லத் திருப்பினான். ஒரு பக்கத்தில் இரண்டு விரற்கடை செம்பு எரியாமல் மிஞ்சியிருந்தது. நான் இடக்கைக்காரன். நான் முறுக்கினால் செம்பு மற்றவர்கள் முறுக்குவதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும். வேலை பழகிய காலத்தில் அதைச் சொல்லித்தான் அவன் என்னைப் பகிடி பண்ணுவான். அந்த அறையில் அந்த முறுக்கை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவன் அதை வாசித்தான். வாசிப்பதை நான் பார்த்தேன்.

தலையை நிமிர்த்தவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கட்டியை மேசையில் வைத்தான்.

"பலகை என்ட வேலை காக்கா. லைன் அதிலயிருந்துதான் போயிருக்கு."

"அப்ப உன்ட பிழைதான்."

"ஓம். ஒரு பிழை என்டதுதான்" என்றான். "ஒரு பிளக்க மிச்சம் விட்டன். விட்டுட்டு, கேத்தல் கூடாதெண்டு தாள் ஒட்டினன். தாள் எங்க ஆக்களத் தடுக்கும்? தேத்தண்ணி தேவைப்படுற இடத்தில ஓட்டையும் வச்சா ஆரும் செருகத்தான் செய்வாங்க. அத மூடியிருக்கோணும். அடுப்ப இந்த அறைக்குக் கிட்டக் கொண்டுவரச் செஞ்சிருக்கோணும். அத நான் யோசிக்கல்ல."

அது உண்மை என்பதுதான் கொடுமை. நான் செய்த களவுக்குள்ளேயே அவன் தன்னுடைய பிழையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். அது என்னுடையதைவிட ஆழமாக, அழகாக, எல்லோரும் படிக்க வேண்டிய பிழையாக இருந்தது. மஜீத் காக்காவின் முகம் இளகுவதை நான் கண்டேன். ஹிதாயா கூட அவனை இரக்கமாகப் பார்த்தாள். இப்படியே விட்டால் அவன் இந்தக் கரையை விட்டுப் போவான், போகும்போதும் பெரியவனாகப் போவான். நான் பதினான்கு அறைக்குள்ளும் அவனுடைய மன்னிப்பைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். என் நல்ல வேலைகள் எல்லாவற்றிலும் அவன் முன்னே நின்றான். இப்போது என் பிழையையும் எடுத்துக்கொள்கிறான். அதையாவது விட்டுவைக்கக் கூடாதா?

எழும்பிவிட்டேன்.

"அது அவன்ட பிழையில்ல, என்ட பிழை!" என்று கத்தினேன். சண்டைக்குக் கத்துவது போலக் கத்தினேன். "முறுக்கினது நான். பையில கட்டினது நான். வலைக்குப் பின்னால ஒளிச்சு வச்சதும் நான். நெருப்புப் பிடிச்ச நேரம் வாசல்ல நிண்டுகொண்டு பேசாம இருந்ததும் நான். இவனுக்கு அதில ஒண்டும் இல்ல."

மனச்சாட்சி பேசியது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மனச்சாட்சிக்கு முழு இரவு நேரம் இருந்தது, அது பேசவில்லை. பொறாமைதான் பேசியது. அது என் வாழ்க்கையில் பேசிய ஒரே நல்ல வார்த்தை.

நியாஸ் மெதுவாக எழும்பி, "கேட்டது நாங்க" என்றான். அவன் தம்பி வேட்டியைச் சரிசெய்தான்.

ஹிதாயா என் முன்னால் வந்து நின்றாள். "நீங்க வாசல்ல நிண்டீங்க. நான் கூப்பிட்டன். நானா எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டன்" என்றாள். காக்கா திட்டியது எதுவும் எனக்கு நினைவில்லை, இது நினைவிருக்கிறது.

ஹோட்டல் வேலை பத்திரனுக்கே போனது. சங்கங்களுக்குச் சொல்லத்தான் வேணும் என்றவர் சொன்னார், என் பெயரைச் சொன்னார். அந்தப் பருவம் முழுக்க அந்தக் கரையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. புத்தளம் டவுனில் கடைகளுக்கு பல்ப் மாற்றிக்கொண்டிருந்தேன். ஹிதாயாவுக்கு மருந்து கட்ட என் மனைவி போய்வந்தாள். எனக்கு அந்த வாசலுக்குப் போக முகமில்லை.

பருவம் மாறியபோது ஒருநாள் காலை பத்திரன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை, அவனாகவே உட்கார்ந்தான்.

"நாளைக்கு ஹோட்டலுக்கு வா மச்சான். மூட்டெல்லாம் பாக்க ஒராள் வேணும்."

"ஊரில உனக்கு ஆள் இல்லையா? என்னத்துக்கு நான்?"

"வாவன்."

போகக்கூடாது என்று மூன்று தரம் முடிவு எடுத்தேன். போனேன். பதினான்கு அறையையும் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், எங்கேயாவது கோணலாக இருக்காதா என்று. வெளிநாட்டுக்காரர்கள் இடுப்பில் பெரிய பட்டம் கட்டிப் பலகையில் கடல்மேல் சறுக்க வந்து தங்குகிற ஹோட்டல் அது. ஓர் அறைக்கு நாலு பேர், ஒவ்வொருவருக்கும் போன், கமரா, கணினி. அவன் கட்டிலுக்குக் கட்டில் பிளக் வைத்திருந்தான், தலைமாட்டில், கை எட்டுகிற உயரத்தில். கேத்தலுக்குத் தனி லைன், அதற்கென்றே ஒரு மேடை, அந்த மேடைக்குப் பக்கத்தில் வேறு ஓட்டையே இல்லை. தாள் எதுவும் ஒட்டவில்லை. பார்த்துக்கொண்டே நடந்தேன். பாவி, ஒரு பிழையிலிருந்து இத்தனை எடுத்திருக்கிறான்.

"பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு வயரையும் இழு" என்றான். "கையால, நல்லா."

இழுத்தேன். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, ஒவ்வொரு வயரையும் பிடித்து, ஒன்றாவது கழன்று வரக்கூடாதா என்ற வேண்டுதலோடு இழுத்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. விரல்கள் வீங்கின. ஹோட்டல்காரர் வந்து பார்த்து, "இவ்வளவு முரட்டுத்தனமா இழுக்கிறாரே" என்று பத்திரனிடம் முறைப்பட்டார். "இழுக்கட்டும்" என்றான் அவன்.

மூன்றாம் நாள், பதினோராம் அறை, குளியலறைக்கு வெளியே உள்ள பெட்டி. தண்ணீர் சுடவைக்கும் இயந்திரத்தின் லைன். பிடித்து இழுத்தேன், வயர் என் கையோடு வந்தது.

அந்தச் செம்பு முனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் இரண்டு இரண்டாக இறங்கி, எல்லா ஆட்களுக்கும் முன்னால் கத்தினேன்: "பத்திரா! வந்திட்டுது! உன்ட மூட்டு கழண்டு வந்திட்டுது!"

அவன் ஏணியில் நின்றான். இறங்கிவந்து என்னோடு மேலே ஏறி, பெட்டிக்குள் நீண்ட நேரம் பார்த்தான். திருகாணி இறுகவேயில்லை. அந்த அறையில் யாராவது குளித்திருந்தால் அது சுட்டிருக்கும், ஒருநாள் அந்தப் பலகையைப் போல எரிந்திருக்கும். அவன் நெற்றியைத் துடைத்தான். வயரை அவனே செருகித் திருகாணியை இறுக்கினான்.

"இதுக்குத்தான் மச்சான் உன்னக் கூட்டிட்டு வந்தன்" என்றான். "மற்றவங்க என்ட வேலைய இழுக்கிறதேயில்ல. பத்திரன் செஞ்சதெண்டு தடவிட்டுப் போறாங்க. உன்ன மாதிரி ஆசையா இழுக்க எனக்கு வேற ஆள் இல்ல."

இன்னும் மூன்று அறை மிச்சம் இருந்தது. பன்னிரண்டாம் அறையின் பெட்டியைத் திறந்தேன்.